மச்சம் போச்சு, தழும்பு வந்தது, டும் டும் டும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக் கடைசியில் ஒரு நாள் முழுக்க மச்சம் தேடும் படலம் நடக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் இரண்டு எழுதியாக வேண்டும். கணக்கு வாத்தியார் ஒவ்வொருத்தனையாகக் கூப்பிட்டு முகம், கழுத்து, கை என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிக்காதவன் சட்டையைக் கழற்ற வேண்டியதுதான். என் வேலை ஒரே நொடியில் முடிந்தது. வலப்பக்கக் கழுத்தில், காதுக்கு இரண்டு விரல் கீழே, மிளகு சைஸில் ஒரு மச்சம். "ஒனக்கு என்னலே கவல, பத்தடி தள்ளி நின்னாலே தெரியுது" என்றார் வாத்தியார்.

அந்த மச்சம் இப்போது இல்லை. ஒன்றரை மாதம் முன்பு இங்கே புனேயில் எடுத்தாயிற்று. "அப்பா, அப்ப உங்க சர்டிஃபிகேட் செல்லாதா?" என்று கேட்கிறான் மகன். நியாயமான கேள்விதான்.

அழகுக்காக எடுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கழுத்து மச்சத்தை யார் பார்க்கப் போகிறார்கள். ஒரு வருடமாக அதன் ஓரம் ஒழுங்கில்லாமல் பரவ ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கம் காப்பிக்கொட்டை நிறம், இன்னொரு பக்கம் கரி. தங்கமணிதான் கவனித்தாள். "என்னங்க, இது பழைய மாதிரி இல்ல." எனக்கு உடனே பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

கொசுவத்தி ஒரு சுற்று. பெரியப்பாவுக்கு இடது உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி இருந்தது. வயலுக்குப் போகிற கால் என்பதால் எல்லாரும் கால் ஆணி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஊரில் ஒருவர் சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து வைத்துப் பொசுக்கிவிட்டார். மரு எடுக்க நம் பக்கம் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம்தான். புண் ஆறவே இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கேதான் மெலனோமா என்ற வார்த்தையை எங்கள் குடும்பம் முதன்முதலாகக் கேட்டது. அதன் பிறகு அவர் பதினான்கு மாதம் இருந்தார்.

மெலனோமா என்பது நிறமி செல்களில் வரும் புற்றுநோய். வெள்ளைத்தோல் நாடுகளோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்கு வருவது மிகவும் அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று யாரும் தேடாத இடத்தில் வருவது நம் போன்ற கருந்தோல்காரர்களிடம் அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு 1977ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். 1981ல், 36 வயதில் இறந்துபோனார். அவருக்கும் முதலில் கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே நினைத்தார்களாம்.

ஆக, முதலில் போன ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) "லேசர் சார், பத்து நிமிஷம், தழும்பே தெரியாது" என்று சொன்னபோது, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். பொசுக்கிவிட்ட பிறகு அனுப்ப என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள். சுண்ணாம்பும் சோடாவும்தான், மின்சாரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எழுந்து வந்துவிட்டேன். சந்தேகமே இல்லாத மச்சத்தை லேசரில் எடுப்பது வேறு விஷயம். மாறிக்கொண்டிருக்கும் மச்சத்தைப் பொசுக்குவது சாட்சியைக் கொளுத்துவது மாதிரி.

சாட்சியைப் பத்திரப்படுத்துவதன் அருமைக்கு ஒரு சரித்திர உதாரணம் உண்டு. லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1787ல் ஒருவருடைய தாடையோரத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தூக்கிப் போடாமல் ஜாடியில் போட்டு வைத்தார். 1968ல் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து மெலனோமாதான் என்று உறுதி செய்தார்கள். ரிசல்ட் வர 181 வருடம்! எனக்கு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் இணையத்தில் தேடித் தேடிப் படித்ததுதான் இதற்கு மேல் வருவது. பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சரித்திரம் படிப்பது.

இரண்டாவதாகப் போனது ஒரு மராட்டிய அம்மையாரிடம். பார்த்ததும் கத்திதான் என்று சொல்லிவிட்டார். மிளகு சைஸ் மச்சத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கோடு போட்டபோது எனக்குப் பகீர் என்றது. வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் குவிந்து காது மாதிரி நிற்கும். அதனால் அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்கு, கண் வடிவத்தில் வெட்டுவார்களாம். எந்தத் திசையில் வெட்டுவது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1830களில் பாரிஸில் டியூபித்ரன் என்ற மருத்துவர், குத்தூசியால் தன்னையே குத்திக்கொண்ட ஒருவனின் உடலைப் பார்த்தார். ஊசி உருண்டை, காயமோ நீளவாக்கில்! 1861ல் வியன்னாவில் கார்ல் லாங்கர் இதைப் பிடித்துக்கொண்டு, பிணங்களின் உடம்பெல்லாம் உருண்டைக் குத்தூசியால் குத்தி, ஓட்டைகள் எந்தப் பக்கம் இழுபடுகின்றன என்று வரைபடமே போட்டுவிட்டார். துணிக்கு நூலோட்டம் இருக்கிற மாதிரி தோலுக்கும் இழுவிசை ஓட்டம் உண்டு. அதன் போக்கில் வெட்டினால் தழும்பு மெலிசு, குறுக்கே வெட்டினால் அகலம். லாங்கர் வரைந்த கோடுகளில் பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தம் செய்திருக்கிறார்கள். கழுத்தைப் பொறுத்தவரை கோடு சுருக்கத்தின் வாக்கிலேயே ஓடுகிறது. கண்ணாடியில் தலையைத் திருப்பிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

வலி? ஊசி போடும்போது தேள் கொட்டின மாதிரி பத்து நொடி, அதன்பின் ஒன்றுமில்லை. 1940களில் ஸ்வீடன்காரர்கள் உருவாக்கிய லிடோகைனுக்கு ஒரு கும்பிடு. அதற்கு முன் இருந்தது 1884ல் கார்ல் கோலர் கண்ணில் விட்டுப் பார்த்த கொக்கெயின். அதற்கும் முன் நாலு பேர் பிடித்துக்கொள்வதுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் மரப்பு விட்டதும் விண்விண் என்று தெறித்தது. பாராசிட்டமால் போட்டேன். ராத்திரி அம்மா ஃபோன்.

"ஏய்யா, தண்ணி கிண்ணி பட்டுறாம பாத்துக்க. சீப் பிடிச்சிரும். புண்ண மூடி வச்சா புழுங்கிரும்யா, காத்தாட விடு. கத்திரிக்கா, கருவாடு தொடாத, கரப்பான்."

டாக்டரம்மா சொன்னது நேர் எதிர். முதல் 24 மணி நேரம் கட்டைத் தொடாதே. அப்புறம் தினம் சோப்பும் தண்ணியும் விட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் தடவி, மூடி வை. பக்கு கட்ட விடாதே.

பக்கு கட்டினால்தானே ஆறுகிறது என்று அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உலகமே 1962 வரை அப்படித்தான் நினைத்திருந்தது. அந்த வருடம் இங்கிலாந்தில் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிக்குட்டிகளின் முதுகில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றை பாலிதீன் தாளால் மூடினார், சிலவற்றைக் காத்தாட விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காரணம் சுலபம். காய்ந்த புண்ணில் புதுத்தோல் செல்கள் பக்குக்கு அடியில், காய்ந்த தசையைக் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரமான புண்ணில் வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரைதான். இன்று கடையில் கிடைக்கும் ஜெல் கட்டு, ஃபிலிம் கட்டு எல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

வாசலின் கதை தனிக் கதை. 1859ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்ட ஆரம்பித்த காலத்தில், பம்ப் கம்பிகளில் ஒரு கருப்பு மெழுகு ஒட்டித் தொல்லை கொடுத்தது. கையில் சுட்டுக்கொண்டாலும் வெட்டிக்கொண்டாலும் வேலைக்காரர்கள் அதை எடுத்துத் தடவிக்கொள்வார்கள். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர் அதைச் சுத்தம் செய்து, 1872ல் காப்புரிமை வாங்கி, ஊர் ஊராகப் போய்த் தன் கையையே சுட்டுக் காட்டி விற்றார். அது கிருமியைக் கொல்லும் மருந்தில்லை. ஈரத்தைப் பூட்டி வைக்கும் மூடி, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானே போதும் என்று 1996ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. இப்படிச் சின்ன அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் வாசலின். புண் சீழ் பிடித்ததில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. களிம்பு போட்டவர்களில் சிலருக்கு அலர்ஜி வந்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "பன்னிக்குட்டிக்கு ஆறுச்சுன்னா நீயும் அதுவும் ஒண்ணா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஒப்பும்படியான ஒரு கதை நான் குடியிருக்கும் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1792 மைசூர் யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே பக்கத்தில் செங்கல் சூளைச் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்துத் திருப்பிப் புது மூக்கு செய்து ஒட்டினார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு ஆங்கில மருத்துவர்கள் இந்த அறுவை செய்யும் விதத்தைக் கூட நின்று பார்த்திருக்கிறார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் படத்தோடு அச்சிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ, தகுந்த நோயாளிக்காகக் காத்திருந்து 1814ல் லண்டனில் அதே மாதிரி செய்து, 1816ல் புத்தகமும் போட்டார். ஐரோப்பாவின் பிளாஸ்டிக் சர்ஜரி மறுபடி உயிர்பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு. (இதைச் சொல்லும்போதெல்லாம் சுஸ்ருதர் செய்ததும் இதுவே என்று சேர்த்துவிடுவார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் வருவது கன்னத்துத் தோல். புனேக்காரர் எடுத்தது நெற்றித் தோல். வித்தியாசம் இருக்கிறது.)

எனக்குப் பிடித்தது அறுவையைவிட அதன்பின் அவர் புண்ணைப் பார்த்துக்கொண்ட விதம். தையலே கிடையாது. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார். ஆமாம், வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டிதான். நாலு நாள் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணியைப் போட்டிருக்கிறார். நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். சுமார் 25வது நாளில்தான் நெற்றியையும் மூக்கையும் இணைத்த தோல் பாலத்தை வெட்டியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். முதலில் அசையாமல் ஒட்டு, கொஞ்ச நாள் தொடாதே, அப்புறம் எண்ணெய்ப் பசையோடு மூடி வை. என் டாக்டரம்மா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், நெய்க்குப் பதில் வாசலின் என்பதைத் தவிர? அந்த மனிதரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மாட்டு வண்டிக்காரரின் பெயர் இருக்கிறது, திப்புவின் பெயர் இருக்கிறது, பத்திரிகையின் பெயர் இருக்கிறது.

இதே காலத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் புண்ணில் சீழ் வந்தால் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்ட நூற்றாண்டுகள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் போலோனாவின் தியோடோரிக் தேவையில்லை என்று எழுதினார், கேட்பாரில்லை. 1537ல் பிரெஞ்சுப் படையோடு போன ஆம்ப்ரோஸ் பாரே, குண்டுக் காயங்களில் ஊற்றக் கொதிக்கும் எண்ணெய் தீர்ந்துபோனதால், முட்டைக்கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். எல்லாரும் செத்திருப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல், விடிந்ததும் போய்ப் பார்த்தால், களிம்பு போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கும் எண்ணெய் பட்டவர்களுக்குத்தான் காய்ச்சலும் வீக்கமும். கிருமிதான் காரணம் என்று லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தோடு வந்தது 1860களில்.

அம்மாவின் அடுத்த ஆயுதம் மஞ்சள். இதற்கும் புனே சம்பந்தம் இருக்கிறது. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது எங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவின் மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995ல் காப்புரிமை வாங்கிவிட்டது! நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, பழைய நூல்களையும் 1953ல் வந்த ஒரு இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையையும் சாட்சியாக வைத்து, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. அப்போது அதன் தலைவர் மஷேல்கர், அதற்கு முன் இங்கே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநர். வழக்கு ஜெயித்ததால் தையல் போட்ட புண்ணில் அஞ்சறைப்பெட்டி மஞ்சளைப் போடலாம் என்று அர்த்தமில்லை. புதிதல்ல என்றுதான் தீர்ப்பு. டாக்டரம்மா, சாப்பாட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கழுத்தில் வேண்டாம் என்றார். கத்திரிக்காய் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். நான் சாப்பிடவில்லை. அம்மா தினம் கேட்பாள், பொய் சொல்ல வேண்டாமே.

மூன்றாம் நாள் தையலைச் சுற்றி மெல்லிய சிவப்பு, லேசான வீக்கம், கட்டில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிவு. பதறிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன். இது புண்ணாறும் அழற்சி என்று பதில் வந்தது. பயப்பட வேண்டியது இரண்டு மூன்று நாள் கழித்தும் வலி குறையாமல் கூடினால், சிவப்பு பரவிக்கொண்டே போனால், கெட்டியாகச் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால். அந்த நாலும் இல்லை.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். கழுத்துக்கு ஒரு வாரம், முதுகு, கால் என்றால் பத்து முதல் பதினான்கு நாள். பிரித்ததும் ஆறிவிட்டது என்று ஜிம்முக்குக் கிளம்பினேன். நல்லவேளை கேட்டுவிட்டுப் போனேன். ஒரு வாரத்தில் ஒட்டின இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மாதத்தில் எண்பது சதவீதம், அதற்கு மேல் எப்போதுமே ஏறாது.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட். அலுவலகத்தில் மீட்டிங் நடுவில் ஃபோன் வந்தது. வெளியே வந்து, லிஃப்ட் பக்கத்தில் நின்று கேட்டேன். புற்றுநோய் இல்லை. செல்கள் கொஞ்சம் ஒழுங்கு தப்பியிருக்கின்றன, ஓரங்கள் சுத்தம், மறுபடி வெட்ட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார். உள்ளங்காலையும் பார்ப்பீர்களா என்று கேட்டேன். நிச்சயமாக என்றார். சீட்டுக்குத் திரும்பிப் போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஊரில் பெரியம்மாவுக்குத்தான் முதலில் ஃபோன் பண்ணினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லாருய்யா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஆறாவது வாரம். தழும்பு முன்னைவிடச் சிவந்து, கயிறு மாதிரி கெட்டியாகி, அரிக்கிறது. மோசமாகிவிட்டதோ என்று பயந்துவிடாதீர்கள், ஒன்று முதல் இரண்டு மாதம் வரை இப்படித்தானாம். மங்கி மெலிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும். நம் நிறத்துக்கு வெயில் பட்டால் கருத்துப்போகும், அதனால் காலர் அல்லது சன்ஸ்கிரீன். சுஸ்ருதர் புண்ணுக்கு 60 விதச் சிகிச்சை சொல்கிறார். அதில் வெளுத்த தழும்பைக் கருப்பாக்க ஒன்று, கருத்ததை வெளுப்பாக்க ஒன்று. ஆறினால் போதும் என்று விடாமல் நிறம் பொருந்தவில்லையே என்று அப்போதே யாரோ குறைபட்டிருக்கிறார்கள்!

டாக்டரம்மா கவனிக்கச் சொன்னது கெலாய்ட் ஒன்றைத்தான். தழும்பு வெட்டிய எல்லையைத் தாண்டி, நண்டுக் கொடுக்கு மாதிரி பக்கத்துத் தோலுக்குள் வளர்ந்துகொண்டே போவது. அந்தக் கொடுக்கை வைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் பெயரே வைத்தார். கருந்தோலில் அதிகம், அதிலும் நெஞ்சு, தோள், காது மடல், தாடையோரம். வீட்டில் யாருக்காவது காது குத்தின இடம் உருண்டு திரண்டிருந்தால், மச்சம் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். என் அத்தைக்கு உண்டு. நான் தையல் பிரிக்கும்போதுதான் சொன்னேன், திட்டு வாங்கினேன். அதனால் இப்போது ராத்திரி சிலிக்கான் ஷீட் ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன். காலையில் தங்கமணி டார்ச் அடித்து, ஸ்கேல் வைத்து அளந்து, காலண்டரில் குறிக்கிறாள். இன்றைக்கும் மூன்று சென்டிமீட்டர்தான்.